ஸ்ட்ராவில் நின்றுவிடும் கடல் பாடம்

2015 ஆகஸ்டில் கோஸ்டா ரிகா கடலில், ஓர் ஆய்வுப் படகில் ஏற்றப்பட்ட ஆமையின் மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழிய ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை இடுக்கியால் இழுத்தெடுத்தார்கள். கடலுயிரியலாளர் கிறிஸ்டின் ஃபிக்கனர் படம்பிடித்த அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றிவந்தது. அந்த ஆமை நமக்கும் தெரிந்த இனம்தான். சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் முட்டையிட வரும் பங்குனி ஆமை.

அதற்குப் பிறகு, கடலில் சேரும் பிளாஸ்டிக் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்த ஆமையில் தொடங்கி ஸ்ட்ராவில் முடித்துவிடுகிறோம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் ஓவியப் போட்டி. அழுகிற ஆமை, மிதக்கிற பாட்டில், கீழே ஒரு வாசகம். பிறகு உறுதிமொழி. வீட்டுக்குப் போகும் குழந்தையின் மனதில் தங்குவது ஒன்றுதான்: தான் குடித்த ஜூஸால் ஒரு ஆமை துடித்தது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை தேவை. மஞ்சப்பையும் தேவை. ஆனால் கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்கில் ஸ்ட்ராவின் பங்கு மிக மிகச் சிறியது. பெரிய பங்குக்குப் பொறுப்பானவர்கள் அந்தப் பாடத்தில் வருவதே இல்லை. குற்றவாளிக் கூண்டில் பத்து வயதுப் பிள்ளையை ஏற்றிவிட்டு மற்ற எல்லோரும் வெளியே நிற்பது பெரியவர்களுக்கு ரொம்பவே வசதியான ஏற்பாடு.

‘பசிபிக் பெருங்கடலில் ஒரு குப்பைத் தீவு இருக்கிறது’ என்பது குழந்தைகள் கேட்கும் இன்னொரு கதை. அப்படித் தீவு எதுவும் இல்லை. அதன்மேல் நிற்க முடியாது. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே, நீரோட்டங்கள் சுழலும் இடத்தில், பிளாஸ்டிக் சிதறிக் கிடக்கிறது. 2018இல் வெளியான ஆய்வின்படி அதன் பரப்பு 16 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் பரப்பில் ஏறக்குறைய பாதி. எண்ணிக்கையில் பார்த்தால் பெரும்பாலானவை ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள். எடையில் பார்த்தால் கிட்டத்தட்ட பாதி, அதாவது 46 விழுக்காடு, மீன்பிடி வலைகள். அறுந்து போனதும் அறுத்து விடப்பட்டதுமான வலைகள். ‘தீவு’ என்று சொல்லிவிட்டால் யாராவது ஒரு பெரிய கப்பலை அனுப்பி அள்ளிவிடலாம் என்று குழந்தை நினைக்கும். துகள் என்று சொன்னால்தான் குழந்தை அடுத்த கேள்விக்குப் போகும்: எப்படி அள்ளுவது?

ஆமைக்குப் பதிலாகப் பாடத்தைக் குருணையிலிருந்து தொடங்கலாம். பிளாஸ்டிக் குடமோ பாட்டிலோ பேனாவோ எதுவும் நேரே அந்த உருவத்தில் பிறப்பதில்லை. கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் ரசாயன ஆலைகள் முதலில் செய்வது ஜவ்வரிசி அளவிலான குருணைகளை. அவற்றை 25 கிலோ மூட்டைகளில் கட்டி, கன்டெய்னர்களில் ஏற்றி, உலகெங்கும் உள்ள தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே உருக்கி அச்சில் வார்த்தால் வாளி, மூடி, பொம்மை. ஒரு மூட்டையில் ஏறக்குறைய பத்து லட்சம் குருணைகள் இருக்கும். வழியில் ஒரு மூட்டை கிழிந்தால், எந்தக் குழந்தையும் தொட்டிராத, எந்தக் கடையிலும் விற்கப்படாத பிளாஸ்டிக் கடலுக்குள் போய்விடுகிறது.

மூட்டை மூட்டையாகவே போன கதையும் உண்டு, நமக்குப் பக்கத்திலேயே.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் சிங்கப்பூரில் பதிவான சரக்குக் கப்பல். 2021 பிப்ரவரியில்தான் பணிக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிறகு, ஒரு கன்டெய்னரில் நைட்ரிக் அமிலம் கசிவது தெரிந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் அதை இறக்க அனுமதி கேட்டார்கள்; கிடைக்கவில்லை. நம் குஜராத்தின் ஹசிரா துறைமுகத்தில் கேட்டார்கள்; அங்கும் கிடைக்கவில்லை. கசிந்துகொண்டிருந்த பெட்டியோடு கப்பல் கொழும்பு வரை வந்தது. மே 20ஆம் தேதி தீப்பிடித்தது. மே 25இல் வெடித்தது. ஜூன் 2இல், ஆழத்துக்கு இழுத்துப் போக முயன்றபோது பின்பகுதி கடலடியில் தட்டி நின்றுவிட்டது.

கப்பலில் இருந்தவை 1,486 கன்டெய்னர்கள். அவற்றில் 81 ‘ஆபத்தான சரக்கு’ என்று முத்திரை பெற்றவை. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இந்த 81இல் சேராது. கடல் போக்குவரத்து விதிகளின்படி அது சாதாரணச் சரக்கு, அரிசியையும் துணியையும் போல. எண்ணிக்கையில் சொன்னால் ஏழாயிரம் கோடிக்கு அருகில். இதுவரை பதிவானவற்றில் மிகப் பெரிய குருணைக் கசிவு இதுதான் என்று ஐ.நா. அறிக்கை சொன்னது. நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளில் மணலே தெரியாதபடி வெள்ளைக் குருணை ஒதுங்கியது. மீன்பிடிக்கத் தடை வந்தது. கடற்படையினரும் தன்னார்வலர்களும் சல்லடையில் மணலைச் சலித்தார்கள். அடுத்த அலை இன்னொரு கை கொண்டுவந்து கொட்டியது.

குழந்தைகளுக்கு இதில் பிடிக்கக்கூடிய துப்பறியும் பகுதியும் இருக்கிறது. தீயில் உருகிய குருணைகள் வெண்மை போய், கருகிக் கட்டியாகி, கல்லைப் போலவே மாறிவிட்டன. இலங்கைக் கடலுயிரியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தினரும் அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். கருகியவற்றில் கருகாதவற்றைவிடச் சிக்கலான ரசாயனக் கலவை இருந்தது. கல்லென்று நினைத்துக் கடந்து போனால் அகற்றப்படாமலே கிடக்கும்.

சரி, மீனும் பறவையும் இதை ஏன் தின்கின்றன? முட்டாள்தனத்தால் இல்லை. வெள்ளைக் குருணை பார்வைக்கு மீன் முட்டை மாதிரி. அதோடு, கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பாசி படர்ந்து, டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் மணம் வருகிறது. சில கடற்பறவைகள் இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே அந்த மணத்தை வைத்துத்தான். இதை 2016இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. பறவையின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. கடலில் கிடக்கும் பொருள்தான் மாறிவிட்டது.

கொழும்பு தூரம் என்று நினைப்பவர்களுக்கு 2025 பதில் வைத்திருந்தது. அந்த ஆண்டு மே 24இல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கியது. அதே நாள் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் சாய்ந்து, மறுநாள் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கே போகும். குமரி முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பும். கப்பலிலிருந்து கொட்டிய குருணைகளும் அதே வழியில் வந்தன. முதலில் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகள், பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமங்கள். வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் விரலால் தடம் காட்டியே இந்தப் பாடத்தை நடத்திவிடலாம்.

இதே தடம் காட்டும் வேலையை வாத்துப் பொம்மைகள் ஒருமுறை செய்திருக்கின்றன. 1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கப்பலிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் பசிபிக்கில் விழுந்தன. மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. பத்து மாதம் கழித்து அலாஸ்காவின் சிட்கா அருகே கரையேறத் தொடங்கின. கடலியலாளர் கர்டிஸ் எப்ஸ்மேயர் அவை ஒதுங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு நீரோட்டங்களைக் கணித்தார். சிறார் எழுத்தாளர் எரிக் கார்ல் அந்தச் செய்தியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகமே செய்தார். அருமையான கதைதான். ஆனாலும் சாகசமாகவே சொல்லப்பட்டதில், அது ஒரு கப்பல் விபத்தின் கழிவு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்னால் குழந்தைக்குப் புரியுமா, பயந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எல்.பி.டபிள்யூ.வில் ‘அம்பயர்ஸ் கால்’ என்றால் என்ன என்று தாத்தாவுக்கே விளக்கும் பத்து வயதுக்காரர்களுக்கு, கப்பலும் துறைமுகமும் மூட்டையும் புரியாமல் போகாது. பயத்தைப் பொறுத்தவரை, ‘உன்னால்தான்’ என்பதைவிட ‘இன்னார் இந்த இடத்தில் இப்படி முடிவெடுத்தார்கள், அதை மாற்றலாம்’ என்பது குறைவாகத்தான் பயமுறுத்தும். 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்றும், குப்பையானதில் 9 விழுக்காடுதான் மறுசுழற்சிக்குப் போனது என்றும் 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பிரித்துப் போடப் பழகும் பிள்ளைக்கு இந்த எண்ணையும் சொல்வதுதான் நியாயம்.

மாற்ற வேண்டியவையும் எளிதாகச் சொல்லக்கூடியவை. குருணையை ஆபத்தான சரக்காக அறிவிக்க வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் அடுக்கக் கூடாது. கசியும் பெட்டியோடு வரும் கப்பலைத் துறைமுகங்கள் திருப்பி அனுப்பக் கூடாது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் குருணைக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் நல்ல மூட்டை, சரக்கு ஆவணத்தில் தெளிவான குறிப்பு, கீழ்த்தளத்தில் இடம் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பிளாஸ்டிக்குக்கான உலக ஒப்பந்தமோ 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடின்றி நின்றுபோனது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே 2025 ஜூலை ஆகிவிட்டது. குருணை தன் கரையிலும் ஒதுங்கிய பிறகு, அந்தப் பரிந்துரையைக் கட்டாய விதியாக்கச் சொல்லும் முதல் குரல் இந்தியாவினுடையதாக இருந்திருக்க வேண்டும்.

பள்ளிகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிதெஷிகே தகாதா 2005இல் ஒரு திட்டம் தொடங்கினார். உலகின் எந்தக் கரையில் கிடைத்த குருணையையும் யாரும் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். கடலில் மிதந்தபோது அவை உறிஞ்சிய டி.டி.டி. போன்ற நஞ்சுகளை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். ஒரு சல்லடை, கையுறை, கூட ஓர் ஆசிரியர், ஒரு நோட்டு இருந்தால் கடலோரப் பள்ளி எதுவும் இதைச் செய்ய முடியும். எங்கே, என்றைக்கு, எத்தனை என்று அந்த நோட்டில் எழுதுவதன் ஒரு பிரதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாதாமாதம் போகட்டும்.