ஹட்டனோடு நின்றுவிடும் கமரா

மலையகத்தைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு ஹட்டனும் நுவரெலியாவும் போதும். பனி, கூடை சுமந்த பெண், வளைந்து போகும் ரயில். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் பக்கம் அவர்கள் திரும்புவதில்லை. இங்கே தேயிலையோடு றப்பரும் உண்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டு கலையும்போதே பெண்கள் மரத்தடியில் நிற்பார்கள். பட்டையைச் சாய்வாகச் சீவி, பால் வழியும் தகரத்துக்குக் கீழே சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட்டம். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. அன்றைக்குப் பேரும் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. இதைப் படமாக்க, அந்த நேரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே இருக்கிற ஒரு பிள்ளை வேண்டும்.

1975இல் வந்த ‘புதிய காற்று’ படம் தோட்ட மக்களின் கதை. தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன் தயாரித்து நடித்தது. 2013இல் ‘இங்கிருந்து’ வந்தது. இயக்கிய சுமதி சிவமோகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஒன்று சங்கத்திலிருந்து வந்தது, மற்றது பல்கலைக்கழகத்திலிருந்து. லயத்துப் பிள்ளை எடுக்கும் படத்துக்கு யார் காசு போடுவது?

படித்து முன்னுக்கு வந்த பழைய மாணவிகள் தங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு நிதி தொடங்கிப் போடலாம் என்பது என் கட்சி. களனியில் சினிமா பட்டப்படிப்பு இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகமே 1995 முதல் இருக்கிறது. இலவசக் கல்வி விரிவுரைக்குக் காசு கேட்பதில்லை, குறும்படம் கேட்கும். ஒலிவாங்கி வாடகை, ஹார்ட் டிஸ்க், கூட வரும் நாலு பேருக்குச் சோறு, பஸ் காசு. மகாபொல புலமைப்பரிசில் பணம் இதற்கெல்லாம் எட்டாது. நம் பழைய மாணவர் சங்கங்களுக்கோ வளைவும் மதிலும் கட்டினால்தான் மனம் நிறையும். அதில்தானே பெயர் பொறிக்கலாம்!

ஆனால் முடிந்த படத்துக்குக் கேடயம் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே காசு வைத்திருந்தவருக்கே அது போய்ச் சேரும். கதைச் சுருக்கத்தைப் பார்த்து, படப்பிடிப்புக்கு முன்பே பணம் கையில் வர வேண்டும். கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கு ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய் வரை இப்படித்தான் கொடுக்கிறது. பயிற்சி இல்லாதவர்களுக்கு இவ்வளவு பணமா என்று 2025 ஆகஸ்டில் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் கேட்கப்போய்ப் பெரிய சர்ச்சையானது. அவர் பேசிய விதம் எனக்கு உவப்பில்லை. பல்கலைக்கழக நிதியில் அந்தக் கேள்வியே எழாது. பயிற்சி நடக்கிற இடத்திலேயே பணமும் வருகிறது.

பணத்தைவிட ஒரு கடிதம் பெரிதாக உதவும் இடமும் உண்டு. 1992 முதல் பெருந்தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. லயத்துப் பிள்ளை தன் தாய் வேலை செய்யும் மலைக்கே கமராவோடு போகத் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழக முத்திரையோடு கேட்டால் மறுப்பது கடினம். அந்தக் கடிதத்தை எழுதித் தருவதும் நிதியின் பொறுப்பாக இருக்கட்டும். விண்ணப்பம் தமிழில் இருக்கலாம், நடுவர்களில் தோட்டம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும், படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும். காசு தந்தவரின் பெயர் முதல் அட்டையில் வந்தால் போதும்.