சாவி கொடுத்த அயலார்

பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி 1996 முதல் 2004 வரை ‘சேஞ்சிங் ரூம்ஸ்’ என்னும் இல்ல அலங்கார நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அண்டை அயலாரான இரு வீட்டார் தம் சாவிகளை மாற்றிக்கொள்வர். வடிவமைப்பாளர் துணையுடன், இரண்டே நாளில், 500 பவுண்டு செலவில், ஒருவர் வீட்டு அறையை மற்றவர் புதுப்பிப்பர். இறுதியில் உரியவரைக் கண்மூடி அழைத்து வந்து காட்டுவர். 2021இல் வேறொரு தொலைக்காட்சி இதற்குப் புத்துயிர் அளித்தது.

இத்துணை ஈர்ப்பு எதனால்? வண்ணப்பூச்சினால் அன்று, கண் திறக்கும் நொடியில் தோன்றும் முகத்தினால் என்போம். மகிழ்ந்தோரும் உளர், கண்ணீர் விட்டோரும் உளர். ஒருமுறை புதிதாகத் தொங்கவிட்ட அடுக்குப் பலகை சரிந்து, ஒரு பெண்மணி அரிதின் சேர்த்த தேநீர்க் கெண்டிகள் நொறுங்கின. காண்போர்க்கு அது காட்சி; அவர்க்கோ இழப்பு.

பழைய நாற்காலியும் மங்கிய சுவரும் அயலார்க்குக் குறையாகத் தோன்றலாம். அங்கு வாழ்வோர்க்கு அவை நினைவுகள். ஆகவே பிறர் இல்லத்தைத் திருத்தப் புகுவோர், அளவுகோலை எடுக்குமுன் அவர்தம் உள்ளத்தைக் கேட்டறிதல் வேண்டும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. சாவியை நம்பிக் கொடுக்க ஓர் அயலார் வாய்த்திருப்பதே ஓர் இல்லத்தின் முதல் அழகு. அந்நிகழ்ச்சியில் நாம் விரும்பிக் கண்டதும் அதுவே அன்றோ?