அம்மா நடக்கிறார், மகன் ஓடுகிறான்... வேகம் மட்டும் மாறவில்லை!

இந்த வாரம் கேள்வி கடிதமாக வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவாக வந்தது. அனுப்பியவர் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர் பேசியதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"சார், எங்க ஊருக்கு இந்தப் பக்கம் பெரம்பலூர், அந்தப் பக்கம் அரியலூர். எனக்கு நாலு வருஷமா சுகர். டாக்டர் நடக்கச் சொன்னாரு. தினம் காலையில ஒரு மணி நேரம் நடக்குறேன், ஒருநாள் தவறுனது இல்ல. ஆனா, மாடிப்படி ஏறுனா இன்னும் மூச்சு வாங்குது. என் பையன் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுறான். தினமும் உசுரக் குடுத்து ஓடுறான். போன தடவ ஒன்பது செகண்டுல போச்சு. மாமியாருக்கு 76 வயசு. தரையில உட்கார்ந்தா நாங்க கை குடுத்துத்தான் தூக்கணும். அவங்களும் வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டேதான் இருக்காங்க. மூணு பேரும் சும்மா இல்லையே சார்... தப்பு எங்க நடக்குது?"

இரண்டு முறை கேட்டேன். மூவரிடமும் சோம்பல் இல்லை, ஒழுங்கும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அம்மா தினமும் ஒரே வேகத்தில் மெதுவாக நடக்கிறார். மகன் தினமும் ஒரே வேகத்தில் கடுமையாக ஓடுகிறான். பாட்டியின் கால்களுக்கு வேலை இருக்கிறது, பளு இல்லை. உடற்பயிற்சி என்றதும் 'எவ்வளவு நேரம், எத்தனை நாள்?' என்று கேட்கிறோம். 'எவ்வளவு கடினமாக?' என்று கேட்பதில்லை. அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் 'தீவிரம்' என்று பெயர்.

தீவிரத்தை எப்படி அளப்பது?

கையில் ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். வாய் போதும். நடக்கும்போதோ ஓடும்போதோ ஒரு பாட்டை முணுமுணுக்க முடிகிறதா? அது லேசான பயிற்சி. பாட முடியவில்லை, ஆனால் பக்கத்தில் வருபவரிடம் பேச முடிகிறதா? மிதமான பயிற்சி. நாலு வார்த்தை பேசியதும் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருக்கிறதா? கடுமையான பயிற்சி.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி என்று இருக்கிறது. கணக்கைக் கவனியுங்கள்... கடுமை கூடினால் நேரம் பாதியாகிறது. இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

அம்மாவுக்கு: மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம்

உடம்பு ஒரு சிக்கனக்காரர். கொடுத்த வேலைக்குத் தேவையான அளவுக்குத்தான் தன்னைத் தயார்செய்துகொள்ளும். நடக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வாசகியின் இதயமும் கால்களும் நிச்சயம் முன்னேறியிருக்கும். பிறகு அந்த வேகம் பழகிவிட்டது. பழகிய வேலைக்காக உடம்பு புதிதாக எதையும் கட்டாது. அதற்காக நடந்தது வீண் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க அந்த நடை உதவிக்கொண்டுதான் இருக்கும். ஆனால், படி ஏறும்போது மூச்சு வாங்காமலிருக்க, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழக வேண்டும். அதற்கு அவ்வப்போது மூச்சு வாங்கியே ஆக வேண்டும்.

ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே என்ற பேராசிரியரின் குழு, நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் வைத்து ஐந்து மாதம் ஆய்வு செய்தது. 2007-ல் முடிவுகள் வெளியாயின. ஒரு பிரிவினர் மிதமான வேகத்தில் சீராக நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம் என்று ஐந்து முறையாவது மாற்றி மாற்றி, வாரத்தில் நான்கு நாள் நடந்தார்கள். மாற்றி நடந்தவர்களுக்கு முழங்காலை நீட்டும் தசையின் வலு 13 சதவிகிதமும், மடக்கும் தசையின் வலு 17 சதவிகிதமும் கூடின. மூச்சுத்திறனும் உயர்ந்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. சீராக நடந்தவர்களுக்கு இந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

அரை மணி நேரம்தான். ஒரு மணி நேரம் நடக்கும் நம் வாசகிக்கு அரை மணி மிச்சம்!

"வெங்காயக் காட்டுல நாள் முழுக்கக் களை எடுக்குறோம், அது பயிற்சி இல்லையா?" என்று பெரம்பலூர்ப் பக்கம் கேட்பார்கள். நிச்சயம் அது உழைப்புதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைவிட அது உடம்புக்கு நல்லது. ஆனால், அது ஒரே கதியில் பல மணி நேரம் நீளும் வேலை. இதயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவதில்லை. குனிந்தபடியே இருப்பதால் இடுப்புதான் களைத்துப்போகும். அப்படி உழைக்கும் நாளில் பத்து நிமிட வேக நடையே போதும்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் வேகத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். சட்டைப்பையில் இரண்டு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

மகனுக்கு: மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் மூன்றேமுக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. பெரம்பலூரிலும் அரியலூரிலும் விடிவதற்கு முன்பே இந்தக் கணக்கோடு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரு வீட்டின் மாதச் சம்பளம், தங்கையின் படிப்பு, அடகில் இருக்கும் நகை எல்லாம் அந்த ஏழு நிமிடத்துக்குள் அடங்கிக்கிடக்கும். அதனால்தான் தினமும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

தினமும் முழுமூச்சாக ஓடுபவருக்கு முந்தைய நாள் களைப்பு தீர்வதே இல்லை. வேகமாக ஓட வேண்டிய நாளிலும் அரை வேகம்தான் வரும். மெதுவாக ஓட வேண்டிய நாளிலும் அதே அரை வேகம். கெண்டைக்காலும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். உலகின் முன்னணி நெடுந்தூர வீரர்கள் பயிற்சி செய்யும் விதத்தை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்ற விளையாட்டு விஞ்ஞானி கண்டது இது: அவர்களின் பயிற்சி நாள்களில் சுமார் 80 சதவிகிதம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய லேசான ஓட்டம். மீதி 20 சதவிகிதம்தான் கடுமை. ஆனால், அந்தக் கடுமை நிஜமான கடுமை.

இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு. நீண்ட, லேசான ஓட்டம் தசைக்குள் ரத்த நுண்குழாய்களைப் பெருக்குகிறது. சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களைக் கூட்டுகிறது. குறுகிய, கடுமையான ஓட்டம் இதயத்தின் உச்சத்திறனை உயர்த்துகிறது. மூச்சு முட்டும் நிலையிலும் கால்களை இயங்கவைக்கிறது. 1996-ல் ஜப்பானின் இசுமி டபாட்டா செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆறு வாரம் மிதமாக ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு மூச்சுத்திறன் கூடியது. 20 விநாடி முழுவேகம், 10 விநாடி ஓய்வு என்று சில நிமிடங்களே மிதித்தவர்களுக்கும் அது கூடியது. ஆக்ஸிஜன் போதாத நிலையில் தாக்குப்பிடிக்கும் திறனோ, முழுவேகப் பிரிவுக்கு மட்டும் 28 சதவிகிதம் உயர்ந்தது. 1,500 மீட்டரின் கடைசிச் சுற்றில் கைகொடுப்பது அந்தத் திறன்தான்.

அதனால் தம்பி, வாரத்தில் மூன்று, நான்கு நாள் 30 முதல் 40 நிமிடம், நண்பனோடு பேசிக்கொண்டே ஓடுங்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளிவிட்டு, இரண்டே நாள் கடுமை. ஒரு சுற்றை 1 நிமிடம் 45 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கில் தொடங்கி ஆறு சுற்று வரை போகலாம். ஒரு நாள் முழு ஓய்வு. தேர்வு நாளன்று கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பறக்காதீர்கள். ஒன்பது விநாடி பெரும்பாலும் தொலைவது அங்கேதான்; தொலைந்தது தெரியவருவதோ கடைசிச் சுற்றில்.

கோடையில் இன்னொரு கணக்கும் உண்டு. வெயிலில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கு ஓடும் 'லேசான ஓட்டம்' லேசானது இல்லை. ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இந்த மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரியலூரைச் சேர்ந்த ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் பயிற்சி பெற்று இந்திய அணிக்குள் நுழைந்தவர். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அடுத்த முறை ஹாக்கி பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஒரு வீரரை மட்டும் கவனியுங்கள். 15 நிமிடப் பகுதிகள் நான்கு. அதற்குள் சீறிப்பாய்வார், மெதுவாகத் திரும்புவார், நடப்பார், மறுபடி சீறுவார். களைத்ததும் வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் உள்ளே போவார். எப்போது விட்டுப்பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

பாட்டிக்கு: கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கட்டும்

கூரை வேய ஒரு கீற்றைத் தூக்க ஓர் ஆள் போதும். முகட்டு மரத்தை ஏற்ற வேண்டுமானால் தெருவையே கூப்பிட வேண்டும். தசையும் அப்படித்தான். லேசான வேலைக்குச் சின்ன இழைகள் மட்டும் வரும். பளு கூடும்போதோ, வந்த இழைகள் களைத்துப்போகும்போதோதான் பெரிய இழைகள் அழைக்கப்படும். வயதாக ஆக அதிகம் மெலிவது அந்தப் பெரிய இழைகள்தான். வீட்டுக்குள் எவ்வளவு நடந்தாலும் அவற்றுக்கு அழைப்பே போவதில்லை.

தசை வளர பெரிய எடையே தேவையா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 49 இளைஞர்கள் 12 வாரம் பயிற்சி செய்தார்கள். சிலர் கனமான எடையை 8 முதல் 12 முறை, சிலர் லேசான எடையை 20 முதல் 25 முறை, இனி முடியாது என்ற நிலை வரை தூக்கினார்கள். தசை வளர்ச்சி இரு பிரிவுக்கும் ஏறத்தாழ ஒன்றே. எடையின் அளவைவிட, களைப்பின் எல்லை வரை போனதுதான் முக்கியமாக இருந்தது. இளவட்டக்கல்லைத் தூக்குவதுபோல ஒரே மூச்சில் பெரும்பளு தூக்கும் வலு வேண்டுமானால், கனத்த எடையில் பழகத்தான் வேண்டும்.

'76 வயதில் இதெல்லாம் ஆகுமா?' ஆகும். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, அவர்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவிகிதம் வரை கொடுத்து எட்டு வாரம் கால் பயிற்சி தந்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. மருத்துவர்கள் அருகிலிருந்து செய்த பயிற்சி அது. வீட்டில் இப்படித் தொடங்கலாம்:

• சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும். முடியாவிட்டால் உயரத்துக்கு ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம்.

• எட்டு முதல் பத்து முறை. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

• எழும்போது மூச்சை அடக்கக் கூடாது. வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

• வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். தசை வளர்வது ஓய்வு நாளில்தான்.

• தட்டில் முட்டை, பால், சுண்டல், வேர்க்கடலை, மீன் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். ரசம் சோறு மட்டும் சாப்பிட்டால் தசை கட்ட சரக்கு இருக்காது.

ஜிம்மில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் நாளே எல்லையைத் தாண்டாதீர்கள். பழகாத உடம்பை அளவுக்கு மீறி வாட்டினால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பயிற்சிக்குப் பிறகு கடும் தசை வலியோடு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதையெல்லாம் சுருக்கி, வாசகிக்குக் குரல் பதிவாகவே பதில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மறுபடி ஒரு பதிவு. "பையன் மெதுவா ஓடச் சொன்னதுக்கு முதல்ல சண்டை போட்டான் சார். இப்ப கால் வலி இல்லைங்கிறான். நான் வேகமா நடக்குறப்ப பக்கத்து வீட்டுக்காரங்க 'எங்க இவ்வளவு அவசரமா'னு கேக்குறாங்க. மாமியார் நேத்து தலையணை இல்லாம எழுந்துட்டாங்க. ஆனா, எண்ணுறதுல மட்டும் ஏமாத்துறாங்க. ஆறுக்கு அப்புறம் நேரா ஒன்பது!"

பாட்டியிடம் சொல்லுங்கள் அம்மா... ஏழும் எட்டும்தான் முக்கியம்.