சாமி இறங்கினால் மட்டும் போதாது



'எக்ஸ்ஹூமா' கொரியப் படம் வந்ததிலிருந்து உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. சடங்கு உடையும் காலில் கான்வாஸ் ஷூவுமாகக் கத்தியைச் சுழற்றி ஆடுகிறாளே ஒரு பெண், அவளைப் போல ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்? "இதற்குப் படிப்பு ஏதும் உண்டா?" என்றே ஓர் இளம் வாசகி கேட்டுவிட்டார். உண்டு அம்மா. அதுவும் லேசுப்பட்ட படிப்பு இல்லை.

அவளைப் போலச் சாமி இறங்கி ஆடுகிறவர்களைக் கொரியாவில் முடாங் என்பார்கள். மரியாதையாகச் சொன்னால் மான்ஷின். பெரும்பாலும் பெண்கள். ஆசைப்பட்டு இந்த வழிக்கு வந்தேன் என்று சொல்கிறவர் அபூர்வம். முதலில் நோய்தான் வரும். சாப்பாடு இறங்காது, தூக்கம் போய்விடும், கனவில் யார் யாரோ வந்து கூப்பிடுவார்கள். எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாது. ஷின்பியோங் என்று இதற்குப் பெயர். சாமி கூப்பிடுகிறது, போகாவிட்டால் விடாது என்பது நம்பிக்கை. குடும்பமோ முடிந்தவரை மூடி மறைக்கப் பார்க்கும். சோசோன் அரசர்கள் காலத்தில் முடாங்குகள் கடைநிலை மக்களாக வைக்கப்பட்டிருந்தவர்கள். அந்த இழுக்கு இன்றும் முழுசாகப் போகவில்லை.

கிம் கும்ஹ்வா என்ற அம்மையாரின் கதையைச் சொன்னால் விளங்கும். 1931-இல், இன்று வட கொரியாவில் இருக்கும் ஹ்வாங்ஹே பகுதியில் பிறந்தவர். அப்போது ஜப்பானியர் ஆட்சி. பெண்பிள்ளைகளை ராணுவ முகாம்களுக்குப் பிடித்துப்போய்விடுவார்கள் என்ற பயத்தில், விவரம் தெரியாத வயதிலேயே அவரைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் பட்ட பாடு தாங்காமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். வந்ததும் படுக்கை. தாய்வழிப் பாட்டியே ஒரு முடாங். பேத்திக்கு வந்திருப்பது என்ன நோய் என்று பாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்? பதினேழு வயதில் பாட்டி கையாலேயே அவருக்குச் சாமி இறக்கும் சடங்கு நடந்தது.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவள் முதலில் வீடு வீடாகப் போய்ப் பழைய உலோகச் சாமான்களைக் கேட்டு வாங்கி வருவாள். அதை உருக்கித்தான் அவளுக்கான மணியும் வெண்கல ஆடியும் வார்ப்பார்கள். சடங்கன்று மணியையும் விசிறியையும் எங்காவது ஒளித்து வைப்பார்கள். அவள்தான் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். வரிசையாக மூடி வைத்த கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் தெளிந்த தண்ணீர், ஒன்றில் அரிசி, ஒன்றில் சாம்பல். எதைத் திறக்கிறாள் என்று எல்லாரும் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். கடைசியில், வைக்கோல் வெட்டும் கத்திகளின் கூர்மேல் வெறுங்காலோடு ஏறி நின்று அருள்வாக்குச் சொல்ல வேண்டும்.

கத்திமேல் நிற்பதுதான் கஷ்டம் என்று நாம் நினைப்போம். வாக்கு வருவதுதான் கஷ்டம். 1970-களிலிருந்து கொரிய முடாங்குகளோடு பழகி எழுதிவரும் அமெரிக்க மானுடவியலாளர் லாரல் கெண்டல், டயானா லீயோடு சேர்ந்து எடுத்த ஆவணப்படம் ஒன்று 1991-இல் வெளியானது. அதில் வரும் பெண்ணுக்கு நோய் வந்தது நிஜம், சாமியின் அழைப்பு வந்ததும் நிஜம். வாய்தான் திறக்க மறுக்கிறது. சுற்றி நிற்கும் மூத்த முடாங்குகள் கெஞ்சுகிறார்கள், அதட்டுகிறார்கள், ஆடிக் காட்டுகிறார்கள். அவளிடமிருந்து சரளமாக ஒன்றும் வரவில்லை. இந்தச் சடங்குக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கு வந்துவிட்டாலும் அது பள்ளியில் பெயர் எழுதிக்கொண்ட மாதிரிதான். சாமி இறக்கிவைத்த மூத்தவர் அவளுக்கு 'ஷின் ஒமொனி', அதாவது சாமி வழியில் அம்மா. அந்த அம்மாவின் பின்னாலேயே போய் எடுபிடி வேலை செய்துகொண்டே கற்க வேண்டும். எந்தச் சாமிக்குப் படையல் எப்படி, எந்த உடைமேல் எந்த உடை, மணிக்கணக்கான பாட்டு, இடை சிறுத்த ஜாங்கு மேளத்தின் தாளம் எல்லாம் பாடம். முழுப் பன்றியைத் திரிசூலத்தில் குத்திச் சாயாமல் நிறுத்தக்கூடத் தெரிய வேண்டும். நின்றால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்; விழுந்தால் சடங்குக்கு அழைத்த வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. பிறர் வீட்டில் முடாங் நடத்தும் குட் என்னும் பெருஞ்சடங்கில் பேராசை பிடித்த அதிகாரிச் சாமி ஒன்று வரும். "இவ்வளவுதானா காசு? சாராயம் எங்கே?" என்று வீட்டுப் பெண்களிடம் வம்புக்கு நிற்கும். பெண்கள் பதிலுக்கு வாயாடி, சிரித்து, நோட்டைச் செருகுவார்கள். சற்று நேரத்தில் அதே முடாங் வாயில் அந்த வீட்டில் செத்துப்போன ஒருவர் வந்து பேசுவார். சிரித்தவர்கள் விம்மி அழுவார்கள். இந்த இரண்டையும் ஒரே முற்றத்தில் நடத்திக்காட்ட அருள் மட்டும் இருந்தால் ஆகுமா?

அதனால்தான், வார இறுதி முகாமில் ஷாமன், அதாவது சாமியாடி, ஆகலாம் என்று மேல்நாடுகளில் வரும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு ஒட்டவில்லை. வெளிநாட்டவர் வரக்கூடாது என்பதில்லை. கிம் கும்ஹ்வாவே ஒரு ஜெர்மானியப் பெண்ணுக்குச் சாமி இறக்கியவர்தான்.

தென் கொரிய அரசாங்கம் முடாங்குகளைப் படுத்திய பாடும் சின்னதல்ல. 1970-களில் 'புதிய கிராமம்' இயக்கத்தின் பேரில் மூடநம்பிக்கை ஒழிப்பு நடந்தது. சாமி வீடுகள் இடிபட்டன, நடந்துகொண்டிருந்த குட் சடங்குகளைப் போலீஸ் புகுந்து கலைத்தது. அப்படி விரட்டப்பட்டவர்களில், தெற்கே வந்துவிட்ட கிம்மும் ஒருவர். மேற்குக் கடலோர மீனவர்களுக்காகப் படகில் அவர் நடத்திவந்த குட் சடங்குக்காக, 1985-இல் அதே அரசாங்கம் அவரைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது! 2019-இல், 87 வயதில் மறைந்தார். அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'மான்ஷின்' படம் கிடைத்தால் விடாதீர்கள். பார்க் சான்-கியோங் இயக்கியது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஊர்க் கோடாங்கியோ சாமியாடியோ ஞாபகம் வந்திருப்பார். அவருக்குச் சாமி வந்த கதையை நிறையப் பேர் எழுதி அனுப்புகிறீர்கள். உடுக்கையை யாரிடம் அடிக்கக் கற்றார், வர்ணிப்புப் பாட்டை யார் சொல்லிக்கொடுத்தார் என்பதை ஒருவரும் எழுதக் காணோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள், பெரியவர்களிடம் கேட்டாவது எழுதுங்கள். இடம் ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்