'ஜோசப்' படமும் நமது ஜனாஸா அவசரமும்

லீவு நாளில் வீட்டில் எல்லோருமாக 'ஜோசப்' படம் பார்த்தோம். 2018 இல் வந்த மலையாளப் படம், பத்மகுமார் எடுத்தது. அவரே 2022 இல் 'விசித்திரன்' என்று தமிழிலும் எடுத்தார். பார்ப்பதென்றால் மலையாளத்தையே பாருங்கள், ஜோஜு ஜோர்ஜின் அந்த முகத்துக்காக. கதை எழுதிய சாஹி கபீர் பொலிஸில் வேலை செய்தவர். படத்தில் அது நன்றாகவே தெரிகிறது.

ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர். அவரை விட்டுப் பிரிந்துபோன மனைவி வீதி விபத்தில் இறந்துவிடுகிறார். எல்லோரும் விபத்து என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க, இவர் மட்டும் அந்த இடத்துக்குப் போய் நிற்கிறார். அங்கே ஏதோ கணக்கு பிழைக்கிறது. மிச்சத்தைச் சொன்னால் படம் கெட்டுவிடும்.

முடிந்ததும் வீட்டின் கடைக்குட்டி கேட்டது: "நம்மட ஊர்ல யாரும் இப்படிப் போய்ப் பார்ப்பாங்களா?" யாரும் வாய் திறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், நாம் செய்வது நேர்மாறானது. திடீர் மரணம், விபத்து, தற்கொலை என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிக்க வேண்டும், தேவையென்றால் பிரேத பரிசோதனை என்பது இந்த நாட்டுச் சட்டம். "மையத்த வெட்டப் போறாங்களாம்" என்ற ஒரு சொல் போதும், ஊரே போனும் கையுமாகிவிடும். தெரிந்த அரசியல்வாதி, தெரிந்த டொக்டர், தெரிந்த பொலிஸ். வீட்டார் "எங்களுக்குச் சந்தேகம் இல்லை" என்று எழுதிக் கொடுப்பார்கள். அஸருக்கு அடக்கம். கிணற்றில் விழுந்த இளம் மருமகளுக்கும் இதுதான், வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த பிள்ளைக்கும் இதுதான். பிறகு ஆறு மாதத்துக்கு கல்யாண வீடுகளில் குசுகுசுப்பு.

வசீம் தாஜுதீனை மறந்துவிட்டோமா? 2012 மே 17, நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் கிடந்த றக்பி வீரர். முதலில் விபத்து என்றார்கள். 2015 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவில் தெஹிவளை மையவாடியிலிருந்து ஜனாஸாவைத் தோண்டி எடுத்தார்கள். 2016 பெப்ரவரியில் நீதிமன்றம் அதைக் கொலை என்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு கபுறைத் தோண்டும் நாளில் பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அதோடு ஒப்பிட்டால் முதல் நாளில் சில மணித்தியாலம் காத்திருப்பது பெரிய விஷயமா?

ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்பது நமக்கும் தெரியும். கொரோனா காலத்தில் ஜனாஸாக்களை எரித்தபோது அழுதவர்கள்தானே நாமும். ஆனால் மார்க்கம் சொன்ன அவசரம், ஒருவன் செய்த குற்றத்தை மூடுவதற்கு உதவிவிடக் கூடாது. மௌத்தானவருக்கும் நம்மீது ஹக் இருக்கிறது.

மக்களின் பயத்திலும் நியாயம் உண்டு. சட்ட வைத்திய அதிகாரி இல்லாத ஆஸ்பத்திரிகள், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஜனாஸாவை ஏற்றி இறக்கும் அலைச்சல், பெண் மையித்தை ஆண் டொக்டர் பார்ப்பாரே என்ற கூச்சம். இதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். பெண் டொக்டர் கேட்போம், லீவு நாளிலும் பரிசோதனை நடக்க வேண்டும் என்று கேட்போம்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களே, அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தடவை பேசுங்கள். இனி ஒரு மௌத்து வீட்டில் கோல் எடுக்கத்தான் வேண்டுமென்றால், டொக்டரைச் சீக்கிரம் வரச் சொல்லி எடுப்போம்.