மூடினால் முடிந்ததா?

பழைய ஆலை நிலத்தில் கல்நார்க் (ஆஸ்பெஸ்டாஸ்) கழிவு கிடந்தால் மேலே மண்ணைக் கொட்டி மூடினால் போதும், தோண்டினால்தான் தூசி பறக்கும் என்கிறார்கள். தோண்டுவது ஆபத்து என்பது சரி. மூடியதோடு வேலை முடிந்தது என்பது தவறு.

ஒன்று, கல்நார் மட்காது; கொட்டிய இடத்திலேயே கிடக்கும். மத்தியப் பிரதேசத்தின் கைமோரில் கல்நார் ஆலைக் கழிவைக் கொட்டிய நிலத்தில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள்.

இரண்டு, மூடிய மண்ணுக்கு யார் காவல்? மழை அரித்தால்? போர்வெல் இறக்கினால்? வீட்டுக்கு வானம் தோண்டினால்? திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ மனை வாங்குபவர் வில்லங்கச் சான்றில் அடமானத்தைப் பார்க்கலாம். அடியில் கிடக்கும் கல்நார் அதில் தெரியுமா?

மூன்று, கல்நார்த் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். அதற்குள் மனை போட்டு விற்றவரை எங்கே தேடுவது?

மூடுங்கள். ஆனால் ஆலை முதலாளியின் செலவில், மண்ணுக்கு அடியில் எச்சரிக்கை விரிப்புப் போட்டு, பத்திரப் பதிவில் எழுதிவைத்து மூடுங்கள்.