குளிசை கிட்னியைக் கெடுக்குமாம்!



நமது பாடசாலைப் பிள்ளையொன்றின் வாப்பா கடல்தொழில் செய்பவர். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த குளிசையை ஒரு வருடமாக நிறுத்தியிருந்தார். "குளிசை கிட்னியைக் கெடுக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை நம்பி, ஏதோவொரு கசாயத்துக்கு மாறினார். கரையில் சிப்பி வெட்டியது. கால் விறைத்திருந்ததால் வலி தெரியவில்லை. புண் அழுகிய பிறகுதான் வீட்டார் கண்டார்கள். இன்று அவருக்கு ஒரு பாதம் இல்லை. பிள்ளையும் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை.

பார்க்கப் போன நாம் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். நாட்டம்தான். ஆனால் அந்தக் குரல் பதிவைக் கைக்குக் கை பகிர்ந்தது யார்? நாம்தானே!

கிட்னிக் கதையை முதலில் முடிப்போம். ஈரல் தேவைக்கு மேல் இரத்தத்தில் விடும் சீனியை மெட்போமின் குறைக்கிறது. நல்ல கிட்னியை அது கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதைக் கண்டவர்கள் பழியைக் குளிசையில் போடுகிறார்கள். கிட்னியைத் தின்பது கட்டுப்படாத சீனியும் பிரஷரும்தான்.

இன்சுலின் விஷயமும் வகுப்பறை மாதிரித்தான். மணி அடிக்கிறது, பிள்ளைகள் கேட்பதில்லை. இன்னும் பலமாக அடிக்கிறோம். கடைசியில் அடிப்பவர் களைத்துப் போகிறார். வயிற்றுக் கொழுப்பும் அசையாத உடம்பும் தசையின் காதை அடைக்கின்றன. நடை அந்தக் காதைத் திறக்கிறது.

இது வெறும் பேச்சல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சீனி வருத்தத்தின் எல்லையில் நின்றவர்களை 3 வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் சுமார் 39 பேர். மெட்போமின் மட்டும் எடுத்தவர்களில் சுமார் 40 பேர். அவர்களும் நம்மைப் போலச் சோறு சாப்பிடுகிறவர்கள்தான்.

நமது நாட்டில் 2018-19இல் செய்த ஆய்வில் வளர்ந்தவர்களில் 100க்கு 23 பேருக்குச் சீனி வருத்தம். முஸ்லிம்களிடையே அது இன்னும் கூட. ஏன் என்று நமது சஹனைப் பார்த்தால் தெரியும்.

வருத்தக்காரருக்கு "வாயைக் கட்டு" என்று உபதேசம் செய்கிறோம். அவரையே வலிமாவுக்கு அழைத்து, நெய்ச்சோற்றை மலையாகக் குவித்து, வட்டிலாப்பத்தை முன்னால் நகர்த்தி, "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்க காக்கா" என்கிறோம். அந்த ஒரு நாள் வாரத்தில் மூன்று முறை வருகிறது. வேண்டாம் என்றால் கோபிக்கிறோம். உம்மாமார் மாலையில் நடக்கப் போனால் "எங்கே போறா?" என்று கேட்கிறோம். பிறகு, அவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லையென்று குறையும் சொல்கிறோம்!

கற்பிட்டியில் மரக்கறி விளைகிறது. கடலில் மீன் கிடைக்கிறது. சஹனில் சோற்றைப் பாதியாக்கி, மரக்கறியையும் மீனையும் கூட்டுவதற்கு என்ன தடை? பிளேன் டீயைச் சீனியில்லாமல் கொடுத்து, சீனியைத் தனியாக வைத்தால் விருந்தோம்பல் குறைந்துவிடுமா?

பள்ளி நிர்வாகத்தினரே, பெண்கள் நடப்பதற்கு ஒரு நேரமும் ஓர் இடமும் ஒதுக்கித் தாருங்கள். பாடசாலை மைதானத்துக்காக அதிபரிடம் நாங்கள் பேசுகிறோம். ஜும்ஆ பயானில் ஒரு தடவையாவது சொல்லுங்கள்: வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள், நோன்புக்கு முன்பே கிளினிக்கில் அளவைப் பேசுங்கள், நோயாளிக்குச் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது.

வெறும் வயிற்றில் 100க்கு மேல் என்றால் எச்சரிக்கை. 126 என்றால் வருத்தம் என்றே எண்ணி, மறுபடி சோதித்து உறுதி செய்யுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். கரையில் செருப்பைப் போடுங்கள். இரவில் பாதத்தைப் பாருங்கள்.

அடுத்த குரல் பதிவு வந்தால் பகிராதீர்கள். அதைப் பகிர்ந்த நமக்கெல்லாம் கால் இருக்கிறது. அந்த வாப்பாவுக்கு இல்லை.